மலையேறாத அப்பா

1979, பாஸ்கா எனும் ஈஸ்டர் ஞாயிறு. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் சித்தப்பா சூசையின் வீட்டில் விருந்து முடிந்ததும், பிரான்சிஸ்கா தன் புதுக் கணவனிடம் பழைய கதைகளை எடுத்துவிட்டாள். சித்தப்பா குடும்பத்தோடு தான் வருஷா வருஷம் நமுனுகுல மலை ஏறியது, அட்டைக் கடிக்குப் பயந்து காலெல்லாம் சவுக்காரம் பூசியது, உச்சியில் பனிமூட்டத்துக்குள் ரொட்டி சுட்டுத் தின்றது.

கேட்டுக்கொண்டிருந்த பெற்ற தகப்பன் சவரிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. தோட்டத் தொழிலாளர்களை மேய்த்த பெரிய கங்காணியின் மூத்த மகன் அவர். கொழுந்து பறிக்கிறவர்களின் கூடை மாதிரி முதுகில் சுமையை மாட்டிக்கொண்டு தோட்டத்து வழியே நடப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று, ஒருமுறைகூட அவர் போனதில்லை.

"மாமா வரமாட்டாங்களா?" என்று கேட்டான் மருமகன்.

"அப்பாவா? அவரு முதுகு சட்டைக்கு மட்டுந்தான். கால் வலிச்சா சித்தப்பாதான் மூட்டையோட சேத்து என்னையும் சொமப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். "நாளைக்கு மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போறோம் அண்ணே," என்றார் சூசை.

"நானும் வாறேன்," என்றார் சவரிமுத்து.

"மூட்டை தூக்கணுமே அண்ணே. நம்ம அப்பா பேரு என்னாகும்?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ ஒன் பையக் காட்டு. அதைவிடப் பெரிசா ஒண்ணு எனக்கு வேணும்."