எல்லாவற்றையும் அணைத்த பிறகும்

கரண்ட் பில்லை அண்ணன் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்ததுமே தையல்காரியான தங்கைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. புருஷன் வேண்டாமென்று மோட்டார் தையல் மெஷினோடு பிறந்த வீட்டு மாடிக்கு அவள் வந்ததிலிருந்து, பில் வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். இந்த முறை அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"மெஷினை வேற எங்கயாவது கொண்டு போய் வச்சுக்கோ. எனக்குக் கட்டுப்படியாகலை."

மெஷின் போனால் பிழைப்பு போச்சு. பிழைப்பு போனால் விட்டு வந்த வாசலிலேயே போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். அது அண்ணனுக்கும் தெரியும். அண்ணி துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின்தான் இழுக்குதுன்னு எப்படிண்ணே சொல்ற?"

"வேற என்ன இருக்கு இந்த வீட்ல?"

"வா, பாத்துருவோம்."

அவள் விறுவிறுவென்று மாடியேறி மெஷின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி என்று வீடு முழுக்க ஒன்று விடாமல் அணைத்தாள். மூவரும் வாசல் மீட்டர்முன் நின்றார்கள். கரண்ட் ஓடுவதைக் காட்டும் அதன் சிவப்புப் புள்ளி அசராமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "எவனோ நம்ம லைன்ல திருடுறான்!" என்று பக்கத்து வீட்டை நோக்கிப் பாய்ந்தார். அண்ணி குறுக்கே போய் மறித்தாள்.

"ஊரைக் கூட்டாதீங்க. மாமா ரூமைத் திறங்க."

அப்பா இறந்த நாளிலிருந்து பூட்டிய அறை அது. அண்ணன் முகம் வெளுத்தது. "அங்க ஒண்ணுமில்லை."

"என்னைத் துரத்துற அளவுக்கு அங்க என்னண்ணே இருக்கு?" அவள் போய் அறைக் கதவின் முன் நின்றாள். "திற."

சாவி பூட்டில் இரண்டு முறை வழுக்கியது. திரை மூடிய இருட்டில் டிவியின் சிவப்பு விளக்கு, செட்-டாப் பெட்டியின் பச்சை எண்கள், உறங்கும் கம்ப்யூட்டர், நீல விளக்கோடு ஆம்ப்ளிஃபயர். அவள் ஆம்ப்ளிஃபயர்மேல் கை வைத்தாள். சுட்டது. யாரும் பார்க்காத, யாரும் கேட்காத சாமான்கள் இரவு பகலாகக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா தூங்கிட்டாருன்னு நெனச்சு நான்தான் ரிமோட்ல டிவியை அணைச்சேன். போர்வையை இழுத்து விட்டேன். காலையில வந்து பாத்தா, உடம்பு சில்லுனு..." அவர் கட்டில் விரிப்பைக் கையால் நீவினார். "அதுக்கப்புறம் இங்க எதையும் தொட முடியலை."

அவள் ஆம்ப்ளிஃபயர்மேலிருந்து கையை எடுத்தாள்.

"நான் அணைக்கட்டுமா?"

அவர் வேண்டாமென்று தலையாட்டினார். எழுந்து, குனிந்து, ஒவ்வொரு சுவிட்சாக அவரே அமுக்கினார். ஆம்ப்ளிஃபயர் பிளக் வர மறுத்தது. அவள் சுவிட்சுப் பலகையைப் பிடித்துக்கொள்ள, அவர் இழுத்தார்.

"நின்னுடுச்சு!" என்று அண்ணி வாசல் மீட்டர் முன்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

அண்ணன் முகத்தை முண்டாசுத் துண்டால் அழுத்தித் துடைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "மாடியில வெயில் தாங்காது. மெஷினை இங்க கொண்டாந்து போட்டுக்கோ."

அவள் உடனே சரியென்று சொல்லவில்லை. இத்தனை நாள் குத்தல் ஒரே பேச்சில் ஆறிவிடாது.

"மெஷினும் கரண்ட் இழுக்கத்தான் செய்யும்ணே. அதுக்கு உண்டானதை நான் கொடுத்துடுவேன். வாங்குறதுன்னா சொல்லு, வர்றேன்."

"வாங்கிக்கிறேன், தாயே."

அவள் போய் ஜன்னல் திரையை விலக்கினாள்.