கெட்டி ரத்தம்

கடலோரப் பட்டணத்தின் மேட்டுப்பாளையம் பேட்டையில் பிளாஸ்டிக் கம்பெனி மெஷின் ஓட்டும் ஜானகிராமன், வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரிதான் இருப்பார். பெண்டாட்டி அஞ்சலாட்சியை 'இந்தா' என்பதைத் தாண்டி அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பேர் எதற்கு வைத்தார்களாம், ரேஷன் கார்டுக்கா? அவளும் சண்டை போட்டுப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் அந்த மனுஷன் மாறிப்போனார். வேலை விட்டதும் நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் முல்லைப்பூ வாங்கிவந்தார். "அஞ்சல, உங்க அப்பாகிட்ட பேசிட்டேன். தையில நம்ம கல்யாணத்த வெச்சிக்கலாம்னாரு" என்றார். அப்பா செத்துப்போய் எத்தனையோ வருஷமாகிறது. காய்ச்சலோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கூடவே, ஐயோ, எப்படிச் சொல்வது, வெட்கமும் வந்தது. இந்த வயசில்! அவர் விட்டாரா? கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வீடு பார்ப்பது, என்ன கலரில் கூறைப்புடவை எடுப்பது என்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

அதோடு நின்றிருந்தால் அவள் யாரிடமும் மூச்சுவிட்டிருக்க மாட்டாள். ஒரு நாள் ராத்திரி, பீரோவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறான் என்று அரிவாள்மனையைத் தூக்கினார். மகள் நிர்மலாதேவி பதறிப்போய் மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார். குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டு, ரத்தம் சோதிக்க அனுப்பினார். சிவப்பணு அளவுமீறி ஊறுகிறதாம். ரத்தம் கெட்டிப்பட்டு மூளைக்குள் சரியாக ஓடவில்லையாம். ஊசி குத்தி ஒரு பை ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சில தடவை எடுத்ததும் மனுஷன் தெளிந்துவிட்டார். "இந்தா, தண்ணி குடு" என்றார். நிர்மலா சந்தோஷத்தில் அழுதாள். அஞ்சலாட்சியும் அழுதாள். அவளை ஏனென்று யாரும் கேட்கவில்லை.

வைகாசியில் மறுபடி தொடங்கியது. ரத்தம் எடுக்கவேண்டிய அன்று காலை, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அஞ்சல, பீச்சுக்குப் போலாமா? உங்க வூட்ல திட்ட மாட்டாங்களே?"

ஆட்டோ வாசலில் நின்றது. நாளைக்குப் போனால் என்ன? ஒரே ஒரு நாள் இந்த மனுஷனோடு இருந்துவிட்டால் என்ன? பாவி மனசு அப்படித்தான் கேட்டது. தள்ளிப்போட்டால் பக்கவாதம் வரும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்ட மாட்டாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். பீச்சுக்குப் போவதாக நினைத்து அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறியது. குழாய் வழியாக ரத்தம் பையில் இறங்கத் தொடங்கியது. அவருடைய இன்னொரு கை அவள் கையைப் பிடித்தபடியே இருந்தது. அஞ்சலாட்சி நர்ஸ் பக்கம் குனிந்து, அவர் காதில் விழாமல் சொன்னாள்:

"எல்லாத்தையும் எடுத்துடாதம்மா. கொஞ்சம் வுட்டு வையி."

"பயப்படாதீங்கம்மா, ஐயாவுக்குத் தெம்பெல்லாம் கொறையாது" என்றாள் நர்ஸ்.