எல்லாம் அக்கா ரத்தம்

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது எலும்பு மஜ்ஜை கொடுத்தது நான்தான். பிழைத்துவிட்டாள், எனக்கு அது போதும். ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் தும்மினால்கூட என் தலைதான் உருளுகிறது.

நேற்று அவள், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். நோய் வருவதற்கு முன்பே நிச்சயம் செய்த இடம். அவள் தேறி வரும்வரை காத்திருந்த மாப்பிள்ளை. அப்பா பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாயில்லாப் பூச்சியா இருந்த பொண்ணு. இப்ப உன்ன மாதிரியே எதுத்துப் பேசுறா. எல்லாம் உன் ரத்தம்!"

"ரத்த குரூப்பே இவ குரூப்பா மாறிடுச்சே, டாக்டரே சொன்னாரே" என்று அம்மா ஒத்து ஊதினாள். "பாதி அவ, பாதி இவ. கலப்பினமா ஆயிட்டா."

கடவுளே! பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க உயிரியல் பாடம் நடத்திவிட்டு வருகிறேன். வீட்டிலுமா?

"அம்மா, கலப்பினம்னா கரு உண்டாகும்போதே ரெண்டு வகை கலந்துடும். காப்பில பால் கலந்த மாதிரி, ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டும் இருக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் பொறந்த கோவேறு கழுதை அப்படித்தான். அவ கைமீரா. ஒரே உடம்புல ரெண்டு பேரோட செல்லு, கலக்காம தனித்தனியா இருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். ரத்தம்தான் என்னுது. மூளையும் நாக்கும் அவளோடது. மாடியில குடிவந்தவங்க வீட்டுக்காரங்க ஆயிடுவாங்களா?"

"கழுதைங்குற, குடித்தனங்குற. எம் பொண்ணப் பத்தி என்ன பேச்சு இது?" என்றார் அப்பா.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விறுவிறுவென்று தங்கையின் அறைக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத் தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டு வரேன், நீ துணி மடிக்கிறியா?"

"யாருக்கா உன்ன விளக்கச் சொன்னது? காரியத்தையே கெடுத்துடுவ போலிருக்கு." அவளுக்கும் எரிச்சல். "நிச்சயம் பண்ணும்போதே வேண்டாம்னுதான் சொன்னேன். நீ வெளியூர்ல இருந்த. சின்னப் பொண்ணு, பயப்படுறான்னு சிரிச்சாங்க. காத்திருந்தாராம் மாப்பிள்ளை! ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கல. அதைச் சொன்னாலும் யாரும் காதுல வாங்கல. இப்ப உன் ரத்தம் பேசுதுன்னதும் அப்பா பாதிச் சோத்துல எழுந்திருக்காரு பாரு."

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அதற்குள் அப்பா கையில் போனோடு வாசலில் வந்து நின்றார். "மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பதில் சொல்லணும். பெரியவளே, நீயே சொல்லு. வேண்டாங்குறது இவளா, உன் ரத்தமா?"

தங்கை நிமிரவில்லை. மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். நான் சொல்லப்போன பதிலை எந்த மாணவியாவது பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்து முட்டை போட்டிருப்பேன்.

"என் ரத்தம்தான்ப்பா" என்றேன். "இனிமே அதை மாத்த முடியாது."

அப்பா பெருமூச்சு விட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி, இந்தக் கல்யாணம் நடக்காது" என்பது கேட்டது. "எங்க பெரியவ ஒத்துக்க மாட்டேங்குறா."