செவ்வாய்க்கிழமை இல்லாத சாடி

எங்கள் பண்ணைக்குப் பின்னால் ஒரு புல்மேடு. அதற்குள் ஆதிகாலத்து ராஜா ஒருவர் படுத்திருக்கிறார் என்பார் லாங்ஸ்டாஃப் ஐயா. இங்கிலாந்தின் யார்க்ஷரில் எங்கள் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருந்த மனிதர். கல்லறை எழுத்துகளைப் படிக்க மண்டி போட்டு மண்டி போட்டே கால்சட்டை முட்டி தேய்ந்துபோனவர்.

ரயில் புதிதாக வந்த அந்தக் கோடையில், தொல்பொருள் சங்கத்தார் வியாழக்கிழமை வந்து மேட்டைத் தோண்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐயாவின் புத்தகத்தை அச்சுப் போடலாமா என்பதையும் அங்கேயே கை தூக்கி முடிவு செய்வார்கள்.

செவ்வாய் விடியற்காலையில் ஐயா மண்வெட்டியோடு தனியாக மேட்டிலிருந்து இறங்குவதை என் வீட்டுக்காரர் ஜேபஸ் பார்த்தார். உடம்பெல்லாம் மண், எடுத்து வந்தது ஒன்றுமில்லை.

"பாவம்டி, உள்ள ஒண்ணுமே இல்ல போல," என்றார் வந்து.

எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை ஏதாவது கிடைக்கட்டும் என்று விளிம்பு உடைந்த என் வெண்ணெய்ச் சாடியை அவரிடம் கொடுத்தேன். புதன்கிழமை ஜேபஸ் அதை மேட்டில் புதைத்துவிட்டு வந்தார்.

எங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு, கண்ணுகளா. சாம்பல் நிறைந்த தாழி ஒன்று ஐயாவுக்குச் செவ்வாய்க்கிழமையே கிடைத்துவிட்டது. ஊரார் முன்னால் கிடைத்தால்தானே அழகு என்று திரும்ப மூடிவைத்திருந்தார்.

வியாழக்கிழமை குடையும் தொப்பியுமாக இருபது பேர் சுற்றி நிற்க, ஜேபஸ் வெட்டினார். முதலில் வந்தது என் சாடி. சங்கத் தலைவர் க்ரூட்சன் பாதிரியார் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி, ரோமாபுரிக்காரர்கள் காலத்தது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

லாங்ஸ்டாஃப் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் புத்தகம் அச்சேறியிருக்கும். அந்த மனுஷனால் முடியவில்லை.

"அது பழசு இல்லீங்க. செவ்வாய்க்கிழமை அது இங்க இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாதிரியார்.

"நான்தான் தோண்டிப் பார்த்தேனே."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சங்கத்துக்குத் தெரியாமல் தோண்டியவன் புத்தகத்தை மறந்துவிடுங்கள் என்று தொப்பியைக் கழற்றினார். பாதிரியார் சாடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"போன வருஷம் என் மேட்டுல," என்றார் கடைசியில், "சங்கம் வர்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமையே நான் தோண்டிட்டேன். பிரசங்கம் முடிஞ்ச கையோட."

வயதான வைத்தியர் ஒருவர், தான் இரண்டு தடவை என்றார். ஒரு சீமாட்டி, நான் தோண்டவே இல்லை, ஆளை விட்டுத்தான் தோண்டவைத்தேன் என்றாள்.

புத்தகத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது இருபது கையும் எழுந்தன. ஓட்டுரிமை இல்லாத ஜேபஸும் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்தார்.