முதல் பேருந்தில் வந்தவர்கள்

விடியுமுன்பே அந்த முதல் பேருந்து பிதுங்கி வழிந்தது. பினாயிலும் வியர்வையும் கலந்த வாடை. "கேள்விக்காரி" என்று பேட்டையே அழைக்கும் அவள் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்கா வழக்கம்போல் அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சந்திப்பில் இறங்கி, ஆறு மணியிலிருந்து போவோர் வருவோரை மறித்து, "எங்கேருந்து வர்றீங்க? எங்கே வேலை?" என்று எழுத வேண்டும். அவளையும் சேர்த்து அதே பேருந்தில் வரும் பன்னிரண்டு பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. நாட்டில் யார் எங்கிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று வரைபடம் தயாராகிறதாம். நின்று நின்று அவள் குதிகால் வெடித்திருந்தது.

அன்று மாலை கணக்கெடுப்பு மேலாளரின் மேசைமேல் வரைபடம் விரிந்து கிடந்தது. அதன்மேலேயே வைத்து அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். வண்ண வண்ணக் கோடுகளுக்கு நடுவே அவள் பேட்டை வெறும் வெள்ளையாக இருந்தது.

"சார், எங்க பக்கம் கோடே இல்லையே?"

"அங்கேருந்து வேலைக்கு யாரும் வரலம்மா. அடுத்த வாரத்துலேருந்து அந்த முதல் பஸ்ஸை நிறுத்துறாங்க. காலி பஸ் எதுக்கு?"

"அதுலதானே சார் பேட்டையே வேலைக்கு வருது, நாங்களும் வர்றோம்! நாங்க இறங்கின பிறகுதானே எழுதவே ஆரம்பிக்கிறோம்!"

"நீங்க கேக்கற ஆளுங்க. கணக்குல வர்ற ஆளுங்க இல்ல."

"பஸ் இல்லேன்னா வேலைக்கு எப்படி வர்றது?"

"நடந்து வாங்க. முடியலேன்னா வேற ஆளா கிடைக்காது?"

சொல்லிக்கொண்டே பிஸ்கட் துகளைப் புறங்கையால் தள்ளினார். அது அவள் பேட்டையின்மேல் போய் விழுந்தது. காலையில் சாமி கும்பிட்ட கையால் இவருக்கும் வணக்கம் வைத்தோமே என்று அவளுக்குக் கூசியது. அதைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகம். கடவுள் ஒருவரையும் விடாமல் எண்ணுகிறவர் என்று நம்புகிறவள், தன் பையைச் சுமந்த அக்காவையே எண்ணாமல் விட்டுவிட்டாளே!

வெளியே பன்னிரண்டு பேரும் கூடினார்கள்.

"ஊரையே எழுதினோம், நம்ம மூஞ்சியை விட்டுட்டோமேடி," என்றாள் மூத்தவள். "முதல் பஸ்ஸைச் சேர்க்கற வரைக்கும் ஒரு தாளும் கொடுக்க வேணாம்."

ஒருத்தி தயங்கினாள். பிறகு அவளும் எழுதிய தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் பேருந்துக்குள்ளேயே பேனாக்கள் திறந்தன.

"எங்கே வேலை, அக்கா?"

"மூணு மாசமா பையைத் தூக்கறேன், இன்னைக்குத்தான் கேக்கத் தோணிச்சா?" அக்கா சிரித்தாள். "எழுதினா பஸ் ஓடுமா?"

"தெரியலக்கா. எல்லாரும் சேர்ந்து போய்க் கேப்போம்."

அக்கா மடியிலிருந்த பையைப் பலகைபோல் நிமிர்த்திப் பிடித்தாள்.

"அப்போ முதல்ல உன் பேரை எழுது."

வண்டி குலுங்கியது, எழுத்து கோணியது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"இங்கேயும் ஒரு தாள் கொடும்மா!"