எழும்பாத ரொட்டி

ஆசீர்வாதத்தைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வியாழக்கிழமை சாயங்காலம், சங்கு ஊதி, நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். எங்கள் கம்பி ஃபாக்டரியில் எவனுக்கு என்ன ஆனாலும் ஹெட் கிளார்க் பரசுராமன்தான் ஓட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஆசீர்வாதம் எங்கள் என்ஜினீயர் விதர்ஸ் துரையின் பட்லர். சமையலும் அவன்தான். வாராவாரம் வியாழக்கிழமை அரைநாள் லீவில், கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அத்தையைப் பார்த்துவிட்டு வருவான். அன்றைக்குத் திரும்பி வந்து செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது, அவன் பைக்குள் இருந்த பாட்டிலின் கார்க் படாரென்று தெறித்து, நுரை பொங்கி, எதிரே நின்ற கான்ஸ்டபிளின் பூட்ஸ் மேல் வழிந்திருக்கிறது. கள். மதுவிலக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கையில் வைத்திருந்தாலே ஜெயில். துரையோ மெஷின் விஷயமாகக் கல்கத்தாவுக்குப் போயிருந்தார். வீட்டில் துரைசானி அம்மா மட்டும்தான்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் வேறு ரகம். ஆள வந்தவர்கள் இல்லை, நம்மைப் போலச் சம்பளத்துக்கு வந்தவர்கள். விதர்ஸ் துரைக்கு யார்க்ஷயரில் ஏதோ ஒரு மில் ஊர். மெஷின்களை நிறுவி ஓட்டிக்கொடுக்க மூன்று வருஷ ஒப்பந்தம். ஃபாக்டரிக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டுக்குப் பங்களா என்று பெயர் வைத்து அவருக்குக் கொடுத்தோம். அம்மா வந்து இறங்கியது அக்னி நட்சத்திரத்தில். அதற்கு நான் பொறுப்பில்லை.

வந்த நாளிலிருந்து பேஜார்தான். தண்ணீரை மூன்று தடவை காய்ச்சினாலும் பயம். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்கிற தொப்பியைக் கரையான் தின்றுவிட்டது. இத்தனையும் பொறுத்துக்கொண்டவர் ரொட்டி விஷயத்தில் மட்டும் தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். சோறு அவருக்கு இறங்கவில்லை. மதராஸிலிருந்து ரயிலில் வரும் கடை ரொட்டி எறும்போடு வந்தது. ரொட்டி இல்லாமல் ஒரு மனுஷி எப்படி உயிர் வாழ்வது என்று என்னிடமே கேட்டார். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் வாழ்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, சர்க்கரையும் மாவும் கலந்து, ஜாடியில் மூடிவைத்தால் இரண்டு நாளில் புளித்து நுரைக்கும். அதை ஊற்றி மாவு பிசைந்தால் ரொட்டி எழும்பும். அவருடைய தாயார் செய்கிற முறை. நாலைந்து தடவை தவறிப்போய், பிறகு ஒரு நாள் ரொட்டி உப்பிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். மதராஸில் மாதம் ஒரு தடவை கூடும் இங்கிலீஷ் சீமாட்டிகளுக்கெல்லாம் அந்த உருளைக்கிழங்கு வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வீட்டில் மட்டும் அது பலிக்கவில்லை. ஒரு சீமாட்டி, கைராசி இல்லாதவன் என்று தன் பட்லரையே வேலையைவிட்டு நிறுத்திவிட்டாள்.

வெள்ளைக்காரர் வீடுகளில் ஒரு முறை உண்டு. சமையல்கட்டு வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும். காலையில் சாமான் அறையைத் திறந்து மாவும் சர்க்கரையும் அளந்து கொடுப்பதோடு அம்மாவின் எல்லை முடிந்தது. அதற்கு அப்பால் பட்லரின் ராஜ்ஜியம். விதர்ஸ் அம்மாவும் ஜாடியைப் படியில் வைத்துக் கொடுப்பாரே தவிர உள்ளே கால் வைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினாலு வயதில், ஒரு சொட்டு மதுவும் தன் வாயில் படாது என்று தன் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் விதர்ஸ் அம்மா. அந்தச் சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார். துரைக்குச் சர்க்கார் கொடுத்த மது பெர்மிட் இருந்தது. ஆனால் பாட்டில் வாசலைத் தாண்டி வரக் கூடாது. துரை மாதம் ஒரு தடவை மதராஸுக்குப் போய்ப் 'பல் வைத்தியரைப்' பார்த்துவிட்டு வருவார்.

அந்த வீட்டுப் பட்லர்தான் கள்ளோடு பிடிபட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை திருவள்ளூர் சப்-ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தான். நாற்பத்தைந்து வயது ஆள், ஒரே ராத்திரியில் பத்து வயது கூடிப்போயிருந்தான்.

"குடிக்கத்தான் சார் வாங்கினேன்," என்றான், நான் கேட்பதற்கு முன்பே.

"யாருகிட்ட கதை வுடுறே? சோடா குடிச்சாலே மூக்கைப் புடிச்சிக்கிற ஆளு நீ. திங்கக்கிழமை கோர்ட்ல இதையே சொன்னா மூணு மாசம் போடுவான். ரோசம்மா இன்னா பண்ணுவா? யோசிச்சியா?"

பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வேதத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அந்தக் கெழங்குத் தண்ணி ஒரு நாளும் எழும்பல சார். நம்ம வெயிலுக்கு அழுவிப் போவுது. நாலு தபா போட்டேன், நாலு தபாவும் கல்லு. அம்மா பொட்டியக் கட்டிக்கினு, ஊருக்குப் போறேன்னு கட்டில்ல குந்தி அழுவுறாங்க. எங்க நைனா மிலிட்டரில ரொட்டி சுட்டவரு. கள்ளு ஊத்தித்தான் பெசைவாரு. சடையப்பன்னு கும்முடிப்பூண்டில பதநீர் எறக்குற ஆளு ஒருத்தன். சுண்ணாம்பு தடவாம ஒரு கலயம் எனக்குன்னு வுட்டான், அது புளிச்சிக் கள்ளாயிடும். அத்த ஊத்திப் பெசைஞ்சேன். பூவாட்டம் வந்துச்சி. அம்மா அத்த ரெண்டு கையில ஏந்திக்கினு சிரிச்சாங்க சார். வந்து நாலு மாசத்துல அன்னிக்குத்தான் மொத மொத சிரிச்சாங்க. பாத்தியா, எங்கம்மாவோட கெழங்குன்னாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருசமாத்தான்."

"அப்போ அத்தை?"

"அத்தை செத்து ஒம்பது வருசம் ஆச்சு சார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை இரண்டு அறை அறையலாம் என்றும் வந்தது. "ரொட்டிக்கு வாங்கினேன்னு கோர்ட்ல சொல்லித் தொலையேன். அதிகாரி இரக்கப்பட்டு வுட்டாலும் வுடுவாரு."

"சொன்னா ஊரு பூரா அம்மாவப் பாத்து சிரிக்கும். அவங்க கள்ளுன்னு பேரு கேட்டாலே செபம் பண்றவங்க. குடிகாரன்னா என் பேரு மட்டுந்தான கெடும்? அது போவட்டும் சார்."

இப்படியும் ஒருவன் இருப்பானா என்று திட்டிக்கொண்டேதான் ரயில் ஏறினேன். ஆனால் ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

சனிக்கிழமை காலை பங்களாவுக்குப் போனேன். சத்தியத்தை மீறுவதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது வீணாகிவிட்டது. அம்மா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில் ஒரு ரொட்டி இருந்தது. ரொட்டி என்று நான்தான் சொல்ல வேண்டும். செங்கல் சூளையில் தவறிப்போன செங்கல் அப்படித்தான் இருக்கும்.

"நேற்று நான் சமையல்கட்டுக்குள் போனேன்," என்றார் இங்கிலீஷில். "அவன் அனுமதி இல்லாமல். என் ஜாடி, என் மாவு, என் தாயார் சொன்ன அளவு. இரண்டு தடவை செய்தேன். முதலாவதை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது."

ரொட்டியைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பாட்டிலில் எவ்வளவு இருந்தது?"

"பாதி பாட்டில் அம்மா. அதிலும் பாதி கான்ஸ்டபிள் மேல்."

"வாரத்துக்குப் பாதி பாட்டிலில் ஒரு மனிதன் குடிகாரனாக முடியுமா?"

"முடியாது அம்மா."

"ரொட்டி எழும்ப அது போதுமா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். என் முகத்தை வைத்து எந்த ரகசியத்தையும் காப்பாற்ற முடியாது என்று என் பெண்டாட்டி சொல்வாள். அம்மா எழுந்து முன்னறைச் சுவரருகே போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அந்தக் கையெழுத்தின் முன்னால் நின்றார். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"கிழங்கு ரொட்டி எழும்பியதை என் தாயாருக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் கோயில் பத்திரிகையில்கூடப் போட்டார்கள். இந்த ஜாடியைக் கொண்டு ஒரு பட்லரின் வேலையையே போக்கியிருக்கிறேன்."

திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருவீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்நிய தேசத்தில் தனியாக இருக்கிற ஒரு பெண், தன் ஊர் ஜனங்கள் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் வராவிட்டால் அந்தப் பைத்தியக்காரன் மூன்று மாசம் உள்ளே போய்விடுவான். இரண்டு பேரையும் நினைத்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கோர்ட் கூடியது. அம்மாவைக் காணோம். ரோசம்மா ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஆசீர்வாதத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

"ஒப்புக்கிறேன் சாமி. குடிக்க வாங்கினேன்."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். அப்போது வாசலில் குதிரை வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தார். கரையான் தின்று மிச்சம் வைத்த அந்தத் தொப்பி தலையில், கையில் ஒரு துணி மூட்டை. நேரே மேஜையருகே போய் மூட்டையை அவிழ்த்து ரொட்டியை வைத்தார். அது விழுந்த சத்தத்தில் டவாலிச் சேவகன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"நான் பேசலாமா, ஐயா?" என்றார்.

மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரச் சீமாட்டி என்பதற்காகப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் மரியாதை தெரிந்தவர். பேசச் சொன்னார். இங்கிலீஷ் ஓடியது. கூண்டிலிருந்து ஆசீர்வாதம் என் பக்கம் குனிந்தான்.

"இன்னா சார் சொல்றாங்க?"

"அந்த ரொட்டி அவங்க செஞ்சதுன்னு சொல்றாங்க."

"எதுக்கு அத்த இங்க எடுத்தாந்தாங்க?"

நான் கையமர்த்தினேன். அம்மாவின் குரல் நடுங்கவில்லை, காதுகள் மட்டும் சிவந்திருந்தன. "இந்த ஆள் குடிப்பதற்காக அதை வாங்கவில்லை. என் ரொட்டிக்காக வாங்கினார். பதினாலு வயதில் நான் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் கள் தின்றிருக்கிறேன், வெண்ணெய் தடவி. அதுதான் என்னை இந்த நாட்டில் நிற்க வைத்தது. எனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவேன் என்று அவர் ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கிறார்."

"ரொட்டிக்காக வைத்திருந்தாலும் குற்றம்தான், மேடம்," என்றார் மாஜிஸ்திரேட்.

"அப்படியானால் அது என் வீட்டுக் குற்றம். சாப்பிட்டவள் நான். என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"இன்னா சார்?" என்றான் ஆசீர்வாதம் மறுபடியும்.

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் குழந்தை மாதிரி அழுதான். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

மாஜிஸ்திரேட் ரொட்டியை எடுத்தார். உடைத்துப் பார்த்தார், முடியவில்லை. மேஜை மேல் ஒரு தட்டுத் தட்டினார். "இதை இரண்டு வருஷம் சாப்பிட்டிருந்தால் இந்த அம்மா என்ன ஆகியிருப்பார்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, இது முதல் தடவை என்பதால் கடுமையாக எச்சரித்து விட்டுவிடுவதாகவும், இனி ஒரு சொட்டு பிடிபட்டாலும் இரக்கம் கிடையாது என்றும் எழுதினார்.

வெளியே புளியமரத்தடியில் மூன்று பேரும் நின்றோம். ரோசம்மா வண்டிக்காரனிடம் பேசப் போயிருந்தாள். ஆசீர்வாதம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லியிருக்கக் கூடாதும்மா. மூணு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருந்துட்டு வந்திருப்பேன்."

நான் மொழிபெயர்ப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்த சமையல் தமிழில், மூட்டையைக் காட்டிக் கேட்டார். "மூணு மாசம்? நான் இது சாப்புடு?"

அவன் சிரிக்காமலிருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ரெண்டு வருஷம், என் ஜாடி தண்ணி எங்கே போச்சு?"

"ரோஜாச் செடிக்கும்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ரோஜாக்கள் பூத்துக் குலுங்குவதைப் பற்றியும் தாயாருக்கு எழுதியிருந்தாராம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு அது சிரிப்பால் வந்த தண்ணீராக இல்லாமல் போயிற்று. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, வேலை போன அந்தப் பட்லர் விஷயமாக இன்றைக்கே மதராஸுக்கு எழுத வேண்டும் என்றார். அதை எழுதுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

"இனி ரொட்டி?" என்று கேட்டார்.

"எங்க ஊட்ல தோசை மாவு பொங்கிக்கினு கெடக்குதும்மா. அத்த கொஞ்சம் ஊத்திப் பெசைஞ்சு பாக்கலாம். வந்தா வரும்."

அம்மா கையிலிருந்த மூட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி இங்கிலீஷில், இதை அவனிடம் சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

"ஆசீர்வாதம், நீ மாவு பெசையும்போது அம்மா சமையல்கட்டுக்குள்ள வரலாமான்னு கேக்குறாங்க. பக்கத்துல நின்னு பாக்கணுமாம்."

அவன் அந்த மூட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நிதானமாக யோசித்தான். இது அவன் ராஜ்ஜியம் அல்லவா.

"வரச் சொல்லுங்க சார்," என்றான். "ஆனா கெழங்கு எடுத்துக்கினு வரக் கூடாது."