கவசத்தில் பதிந்த கை

புருஷன் மண்ணாங்கட்டி பிணத்தின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்கும்போது தனக்கொடி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உயிர் போறப்ப ரொம்ப அவஸ்தப்பட்டாரா?"

மகள் கலைவாணி அப்போது கூட இல்லை. செத்தவரோடு வேலை பார்த்த கண்ணையன்தான் முந்திக்கொண்டான். "இல்லக்கா. காவல் நாற்காலில உக்காந்தபடியே, தூங்குறாப்ல போயிட்டாரு." அதன் பிறகுதான் தனக்கொடியின் அழுகை சற்றுத் தணிந்தது. பதினாறாம் நாள் கழிந்ததும் போய் அந்த நாற்காலியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

மில் வேலை போன பிறகு மண்ணாங்கட்டிக்குக் கிடைத்தது அருங்காட்சியகக் காவல். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாள், துப்பாக்கி, இரும்பு மார்புக்கவசம் எல்லாம் அவர் பொறுப்பு. கடற்காற்று போதாதென்று கை வியர்வை வேறு. யாராவது வெறுங்கையால் தொட்டுவிட்டால் ஒன்றிரண்டு நாளில் விரல் விரலாகத் துரு பிடித்துவிடும். பச்சைக் குழந்தை தொட்டாலும் எரிந்து விழுவார். வீட்டில் வாயே திறக்காத மனுஷன்! பிறகு எண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பார். சட்டையில் அந்த வாடை அடித்தால், "இன்னிக்கி எவன் தொட்டான்?" என்று தனக்கொடி சிரிப்பாள்.

சுனாமிக்கு மறுவருஷம் அது. பால் தெளித்துவிட்டு வந்த மத்தியானம், அப்பாவின் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் வாங்கிவரக் கலைவாணி அருங்காட்சியகத்துக்குப் போனாள். நாற்காலி வாசலோரம் இருந்தது. கவசம் கூடத்தின் கோடியில். அதன் மார்பில் செம்பழுப்பாக ஒரு கை பதிந்து, இடுப்புவரை இழுபட்டிருந்தது. மோதிர விரல் மட்டும் பாதி. அப்பாவின் அந்த விரலில் மீதியை மில் இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டான். "இங்கதான் கீழ கெடந்தாரும்மா. நாந்தான் தூக்கி உக்கார வெச்சேன். அக்காகிட்ட எப்டி சொல்றது?"

கலைவாணிக்கு அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா இங்கே வருவாள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. எண்ணெய்த் துணியை வாங்கினாள். இடுப்பிலிருந்து மேலே துடைத்துக்கொண்டு வந்தாள். பாதி விரலைக் கடைசியில் துடைத்தாள்.

வீட்டில் கலைவாணி சோற்றுத் தட்டை நீட்டியபோது தனக்கொடி அவள் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"இன்னிக்கி எவன் தொட்டான்?"

"யாரோ சின்னப் புள்ளம்மா."

தனக்கொடி முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, மகளின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த துருவை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.